கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ரூட் தேர்வு, அதாவது பாக்கெட் போகும் வழி, தொடர்பான ஒரு சின்ன பக் ஃபிக்ஸை ரிவ்யூ செய்யச் சொல்கிறார்கள். பத்துப் பதினைந்து வரிதான். எதைப் பார்க்க வேண்டும்?

"பத்துப் பதினைந்து வரிதான்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்ததும்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன். உங்கள் மேனேஜரும் "சும்மா ஒரு பார்வை பார்த்து ஓகே போட்டுடுங்க" என்று சொல்லியிருப்பார். ரூட்டிங் கோடில் வரிக்கணக்கு செல்லாது. ஒரு இஃப் இடம் மாறினால் போதும், பாதிப் பாக்கெட் வேறு பக்கம் போய்விடும்.

நான் ரூட்டர் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் லினக்ஸ் கெர்னல் வேலை பார்க்கிறேன். ஒரு வாடிக்கையாளரிடம் இரண்டு இன்டர்நெட் லைன், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மல்டிபாத் ரூட், அதாவது ஒரே சேருமிடத்துக்குப் பல வழி. பெட்டியிலிருந்தே கிளம்பும் டிசிபி இணைப்புகள் சில சமயம் கிடைக்கும், சில சமயம் அப்படியே தொங்கும். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தால், முதல் லைனின் ஐபியைச் சோர்ஸாக (அனுப்புநர் முகவரியாக) வைத்துக்கொண்டு சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) இரண்டாவது லைன் வழியாக வெளியே போகிறது. அந்த லைனைத் தரும் ஐஎஸ்பி (இன்டர்நெட் நிறுவனம்) தன் முகவரி இல்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. போலி முகவரிப் பாக்கெட்டைத் தடுக்க 2000-லேயே ஆர்எஃப்சி 2827 என்ற இணைய ஆவணம் சொன்ன வழி அது.

விஷயம் இதுதான். ஐபிவி4-ல் ஒரு டிசிபி கனெக்ட்டுக்குள் கெர்னல் மூன்று முறை ரூட் தேடுகிறது. முதல் தடவை சோர்ஸ் அட்ரஸ் காலி. அதைத் தேர்ந்தெடுக்கத்தான் அந்தத் தேடலே. சோர்ஸ் கிடைத்ததும் இன்னொரு தடவை, போர்ட் முடிவானதும் மறுபடி ஒரு தடவை. மல்டிபாத்தில் எந்த வழி என்பதை ஹாஷ், அதாவது முகவரி, போர்ட் போன்றவற்றிலிருந்து கணக்கிடும் ஒரு எண், முடிவு செய்கிறது. ஒவ்வொரு தேடலிலும் ஹாஷுக்குள் போகும் விவரம் வேறு, அதனால் வழியும் மாறலாம். கடைசியில் முகவரி முதல் தேடலுடையது, வழி மூன்றாவது தேடலுடையது. ஐபிவி6-ல் தேடல் ஒன்றுதான் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

2025-ல் அப்ஸ்ட்ரீமில் (எல்லோருக்கும் பொதுவான மூல லினக்ஸ் கெர்னலில்) இதற்கு ஒரு திருத்தம் வந்தது: நெக்ஸ்ட்ஹாப்களை (ஒவ்வொரு வழியிலும் பாக்கெட் அடுத்துப் போகும் இடம்) வரிசையாகப் பார்க்கும்போது, சோர்ஸ் அட்ரஸோடு பொருந்துவதற்கு முன்னுரிமை கொடு. எங்கள் டீமில் ஒருவர் அதைப் பழைய கெர்னலுக்கு ஏற்றபடி மாற்றி (பேக்போர்ட்) அனுப்பினார். நல்ல வேலைக்காரர், பேட்ச்சும் சுத்தம். புகார் வந்த சூழ்நிலையில் கச்சிதமாக வேலை செய்தது.

நான் கேட்டது ஒரே கேள்வி: சோர்ஸ் அட்ரஸ் எந்த நெக்ஸ்ட்ஹாப்போடும் பொருந்தாவிட்டால்? பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் ரூட் பரிமாறும் முறை) ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், லூப்பேக்கில் (எந்த லைனோடும் சேராத, பெட்டிக்குள்ளேயே இருக்கும் இன்டர்ஃபேஸ்) ஒரு /32 முகவரியை (ஒற்றை முகவரி) வைத்து அதிலிருந்து பேசுவது சர்வ சாதாரணம். பேட்ச்சில் நெக்ஸ்ட்ஹாப்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப்பை வரிவரியாகப் படித்தேன். பொருந்துவது கிடைக்கும்வரை தற்காலிகமாக ஒரு நெக்ஸ்ட்ஹாப்பைக் குறித்து வைத்து, அடுத்ததைப் பார்த்ததும் அதை மாற்றிக்கொண்டே போகிறது. எதுவுமே பொருந்தாவிட்டால் மிஞ்சுவது பட்டியலின் கடைசி ஆள். அதாவது லூப்பேக் முகவரியிலிருந்து கிளம்பும் அத்தனையும் ஒரே லைனில். இன்னொன்று சும்மா கிடக்கும். எர்ரர் வராது, லாகில் ஒன்றும் இருக்காது, பிங் அருமையாகப் போகும். பேண்ட்வித் கிராஃபைப் பார்க்கிறவர் கண்ணில் பட்டால்தான் உண்டு. பிறகு அப்ஸ்ட்ரீமிலும் இதைத் தனியாகச் சரிசெய்தார்கள்: முகவரி பொருந்துகிற நெக்ஸ்ட்ஹாப்புக்குக் கூடுதல் மதிப்பெண், எதுவும் பொருந்தாவிட்டால் பழையபடி ஹாஷ்.

"எந்த சோர்ஸுக்கு எந்த வழி என்று ஐபி ரூல் எழுதினால் முடிந்தது, கெர்னலை ஏன் தொடவேண்டும்?" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். தெரியும் ஐயா, அதுவரை வாடிக்கையாளருக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருந்தோம். இன்னொரு கோஷ்டி "இது பக்கே இல்லை" என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வேறொரு இன்டர்ஃபேஸின் முகவரியோடு பாக்கெட் அனுப்ப அனுமதி இருக்கிறது என்று லினக்ஸ் நெட்வொர்க் கோடை எழுதியவர்களில் ஒருவரான அலெக்சி குஸ்நெட்சோவ் எழுதிய பழைய கமெண்ட் அந்த ரூட்டிங் கோடிலேயே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பேட்ச் யாருக்கு உதவுகிறது என்பது அதோடு வரும் விளக்கத்திலேயே (கமிட் மெசேஜ்) இருக்கும். அதே ஃபங்ஷனைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்பதைத் தேடுவதுதான் ரிவ்யூ செய்பவரின் வேலை.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க லேபில் ஒரு பெட்டி வைத்திருந்தேன். நான்கு போர்ட், மேலே "தொடாதே" என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டியது. அட்மின் ஆட்கள் ஈ-வேஸ்ட் என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பீன் பேக் போட்டு "ரிலாக்ஸ் கார்னர்" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஒருத்தரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மெயில் போட்டேன், டிக்கெட் போடச் சொன்னார்கள். டிக்கெட் போட்டேன், "ரிசால்வ்டு" என்று மூடிவிட்டார்கள்.

சரி, பெட்டி இல்லாமலும் முடியும். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் தனி நெட்வொர்க்), இரண்டு வெத் ஜோடி (மெய்நிகர் கேபிள்) போதும். ஒரே ஒரு இணைப்பை வைத்துப் பார்க்காதீர்கள். நிறைய இணைப்பு போட்டு, ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் எத்தனை சின் போனது என்று எண்ணுங்கள். லூப்பேக் முகவரியிலிருந்தும் அதையே செய்யுங்கள். மல்டிபாத் ஹாஷ் பாலிசி (ஹாஷுக்குள் எந்த விவரம் போகும் என்ற அமைப்பு) 0, 1 இரண்டிலும் ஓட்டுங்கள். 0-ல் முகவரிகளை மட்டும்தான் பார்க்கும், ஒரே சர்வருக்கு எத்தனை இணைப்பு போட்டாலும் ஒரே பக்கம்தான் போகும். ஆகவே சேருமிடத்தையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.