முதல் டவுனில் ஓட்டம், இரண்டாம் டவுனிலும் ஓட்டம்

கேள்வி: நான் ஆதரிக்கும் அமெரிக்கக் கால்பந்து அணி, முதல் டவுனில் நடுவில் ஓட்டம், இரண்டாம் டவுனிலும் அதே ஓட்டம், மூன்றாம் டவுனில் எட்டு கெஜம் மீதமிருக்க வேறு வழியின்றி ஒரு வீச்சு என்றே இந்தப் பருவம் முழுவதும் ஆடி வருகிறது. தாக்குதல் பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்கிறேன் நான். வீரர்கள் சரியில்லாதபோது அவர் என்ன செய்வார் என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் விவரிப்பது உண்மையானால், நீங்கள் சொல்வதே சரி. டவுன்கள் எனப்படும் நான்கு வாய்ப்புகளில் பத்து கெஜம் கடக்க வேண்டிய ஆட்டத்தில், அடுத்து வருவது ஓட்டமா வீச்சா என்ற எதிரணியின் ஐயமே தாக்குதல் அணியின் முதல் பலம். அந்த ஐயத்தைப் பயிற்சியாளரே போக்கிவிட்டால், தற்காப்பு வீரர்கள் முதல் இரண்டு டவுன்களில் பந்து வைக்கப்படும் கோட்டருகே குவிந்து நிற்பார்கள். மூன்றாவது டவுனில், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை நோக்கித் தயக்கமின்றிப் பாய்வார்கள். அப்போது நல்ல வீரரும் சுமாரானவராகவே தெரிவார்.

ஆனால், ஓர் ஆட்டத் தேர்வை அதன் விளைவை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பௌல் இறுதிப்போட்டியை நினைத்துப் பாருங்கள். 28-24 எனப் பின்தங்கியிருந்த சியாட்டில் அணிக்கு இரண்டாவது டவுன். எதிரணியின் கோல் கோட்டைத் தொட ஒரே ஒரு கெஜம். எஞ்சியிருந்தவை 26 விநாடிகளும், கடிகாரத்தை நிறுத்த உதவும் ஒரு டைம்அவுட்டும். ஓட்ட வீரர் மார்ஷான் லின்ச்சிடம் பந்தைக் கொடுக்காமல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை வீசச் சொன்னார்கள். எதிரணியின் மால்கம் பட்லர் அதைப் பறித்தார். அன்றிலிருந்து அது மன்னிக்க முடியாத மடமையாகவே பேசப்படுகிறது. நான் அப்படிக் கருதவில்லை. குறி தவறிய வீச்சு கடிகாரத்தை நிறுத்தும் என்பதால், முதலில் வீசிப் பார்த்துவிட்டு டைம்அவுட்டைக் கையில் வைத்துக்கொண்டால், பிறகு இரண்டு முறை ஓடவும் நேரம் கிடைத்திருக்கும். வீசுவது என்ற முடிவில் பிழையில்லை. எதிரணியினர் நெருக்கமாக நின்ற உட்பகுதியை நோக்கி வீசத் தேர்ந்ததுதான் பிழை. பிடித்தால் தன் வீரர் பிடிக்க வேண்டும், இல்லையேல் பந்து வெளியே விழ வேண்டும் என்னும்படியாக ஓரத்தில் வீசியிருக்கலாம்.

பயிற்சியாளரின் உண்மையான தவறு என்று நான் காட்டுவது, இரண்டு ஆண்டுகள் கழித்து ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பௌலில் நிகழ்ந்ததை. 28-3 என முன்னிலை பெற்றிருந்த அட்லாண்டா, அது 28-20 ஆகச் சுருங்கிய பின்னும், ஜூலியோ ஜோன்ஸின் அபாரமான பிடியால் எதிரணியின் 22 கெஜக் கோட்டை எட்டியது. ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான நேரமே மீதமிருந்தது. மூன்று முறை ஓடிவிட்டு, பந்தை உதைத்து மூன்று புள்ளிகள் தரும் ஃபீல்டு கோல் ஒன்றை அடித்திருந்தால் முன்னிலை 11 புள்ளிகளாகியிருக்கும். முதல் ஓட்டத்தில் ஒரு கெஜம் இழந்ததும், குவார்ட்டர்பேக் மாட் ரயானைப் பின்வாங்கி வீசச் சொன்னார்கள். அவர் பந்துடன் வீழ்த்தப்பட்டதில் 12 கெஜம் போயிற்று. அடுத்ததாகப் பிடித்து இழுத்த குற்றத்துக்காக மேலும் 10 கெஜம் போயிற்று. உதைக்கும் தூரத்தைவிட்டே விலகிப் பந்தை எதிரணியிடம் ஒப்படைத்த அட்லாண்டா, கூடுதல் நேரத்தில் 34-28 எனத் தோற்றது. தேவை மூன்று புள்ளிகள் என்றிருந்த நேரத்தில், அந்த மூன்று புள்ளிகளையே பணயம் வைத்த தேர்வு அது. வீச்சு பலித்திருந்தாலும் நான் அதைத் தவறென்றே எழுதியிருப்பேன்.

உங்கள் அணியைப் பற்றியும் இதே கேள்வியைக் கேளுங்கள். அந்த டவுனில், அந்தத் தொலைவில், அந்த நேரத்தில் எது தேவைப்பட்டது? இடைவேளைக்குப் பின் ஏதாவது மாறியதா? எதுவும் மாறவில்லையென்றால், வீரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: அப்படியானால் தலைமைப் பயிற்சியாளருக்குப் பொறுப்பில்லையா?

பதில்: முழுப் பொறுப்பும் அவருக்கு உண்டு. அவர் காதில் மாட்டியிருக்கும் ஹெட்செட்டில் ஒவ்வொரு ஆட்டத் தேர்வும் கேட்கிறது. வேண்டாம் என்று ஒரு சொல்லில் அவரால் தடுக்க முடியும். அட்லாண்டாவில் ஆட்டங்களைத் தேர்ந்தவர் தாக்குதல் பயிற்சியாளர் கைல் ஷனஹன் என்றாலும், ஓடுங்கள் என்று கட்டளையிடும் அதிகாரம் தலைமைப் பயிற்சியாளர் டான் க்வினிடம் இருந்தது. சியாட்டிலின் தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல், தோற்ற அன்றே பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். உங்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் வீரர்களையே கைகாட்டுகிறார் என்றால், உங்கள் கோபத்தில் பாதியை அவருக்கும் ஒதுக்குங்கள்.