டிஆர்டிஓ ஆய்வகத்தில் ஜேஆர்எஃப் கிடைத்தால் சேரலாமா?

பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறீர்கள், கேட் எனும் பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கையில் இருக்கிறது, டிஆர்டிஓ எனும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகம் ஒன்றில் ஜேஆர்எஃப், அதாவது உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளர் இடத்துக்கு, நேரில் போய்க் கலந்துகொள்ளும் வாக்-இன் தேர்வு விளம்பரம் பார்த்திருக்கிறீர்கள். போகலாமா, போனால் அங்கேயே வேலை நிரந்தரமாகுமா என்பது உங்கள் கேள்வி.

நிரந்தரம் ஆகாது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள். போகலாமா என்பது உங்களுக்குக் கிடைக்கப்போகும் தலைப்பைப் பொறுத்தது. நான் 2019-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வகத்தில் ஜேஆர்எஃப் ஆகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஆய்வாளர் ஆனேன். 2024-இல் பிஎச்.டி. முடித்து வெளியே வந்தேன். ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

பணம் பற்றி முதலில். நான் சேர்ந்தபோது ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் அது 37,000, எஸ்ஆர்எஃப்-க்கு 42,000 என்று உயர்ந்தது. வீட்டு வாடகைப்படி தனி. ஓய்வூதியம், பணிமூப்பு எதுவும் கிடையாது, ஏனென்றால் நீங்கள் அங்கே ஊழியர் இல்லை. சில மாதங்களில் தொகை தாமதமாகத்தான் வரும். அதனால் இரண்டு மாத வாடகையையாவது கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

தேர்வில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. வயது வரம்பு பொதுவாக 28, ஓபிசி பிரிவினருக்கு மூன்று வருடமும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு ஐந்து வருடமும் தளர்வு உண்டு. கேட் மதிப்பெண் மூன்று வருடம்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலேயே அசல் சான்றிதழ்களோடு வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே கேட்பதெல்லாம் அடிப்படைதான். என்னிடம் எஃகுக்கும் ரப்பருக்கும் தகைவு-திரிபு வளைகோட்டை, அதாவது இழுவிசை கூடக்கூடப் பொருள் எவ்வளவு நீள்கிறது என்று காட்டும் கோட்டை, பலகையில் வரையச் சொன்னார்கள். ரப்பரின் கோடு ஏன் நேராக இல்லை என்று கேட்டார்கள். அதிலேயே இருபது நிமிடம் போய்விட்டது.

சேர்ந்த பிறகு போலீஸ் வெரிஃபிகேஷன். போனை வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், பென் டிரைவ் கூடாது, வேலை பார்க்கும் கணினியில் இணையம் இருக்காது. ஒரு ஆய்வுக்கட்டுரை படிக்க வேண்டுமென்றால் இன்னொரு அறைக்கு நடந்துபோய்ப் படித்து, கையால் குறிப்பெழுதி வர வேண்டும். முதல் மூன்று மாதம் மூச்சு முட்டியது. அப்புறம் பழகிவிட்டது. நோட்டில் எழுதி எழுதிப் படித்தவை இன்றும் மறக்கவில்லை என்பது உண்மை.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ராணுவ ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தீசிஸை ஏற்பதற்கு முன் பல்கலைக்கழகம் பெரும்பாலும் வெளியான பேப்பர் எங்கே என்று கேட்கும். பேப்பரை வெளியே அனுப்ப ஆய்வகத்தின் அனுமதி வேண்டும். என் முதல் பேப்பர் அனுமதிக்காக மட்டும் ஏழு மாதம் காத்திருந்தது. என்னோடு சேர்ந்த ஒரு நண்பருக்கு அதைவிட மோசம். அவர் வேலை முழுக்க ஒரு குறிப்பிட்ட கருவியின் வடிவமைப்பு. அருமையான வேலை, என்னைவிட இரண்டு மடங்கு உழைத்தார். ஆனால் அதில் ஒரு வரைபடத்தைக்கூட வெளியே காட்ட முடியாது. நாலாவது வருடம் பட்டம் இல்லாமல் போனார். அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

எனக்கு அப்படி ஆகாததற்குக் காரணம் என் கைடு. முதல் வாரமே என்னை உட்காரவைத்து, "வண்டி எதுங்கிறது ரகசியம், ரப்பர் எப்படி நடந்துக்கும்ங்கிறது ரகசியம் இல்ல. நீங்க ரப்பரைப் பிடிச்சுக்கங்க" என்றார். என் வேலை எண்ணெய் கசியாமல் தடுக்கும் நைட்ரைல் ரப்பர் சீல்கள். ஒரே வண்டி ராஜஸ்தான் பாலைவனத்திலும் ஓட வேண்டும், லடாக் குளிரிலும் ஓட வேண்டும். குளிரில் ரப்பர் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சூட்டில் நாள்பட அழுந்திக் கிடந்தால், அழுத்தத்தை எடுத்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. இரண்டிலும் எண்ணெய் கசியும். நூறு டிகிரி அடுப்பில் 70 மணி நேரம் அழுத்தி வைத்து, வெளியே எடுத்துத் தடிமனை அளந்து, மறுபடி வைத்து, இப்படியே வருடங்கள் போயின. எந்த வண்டி, எந்த இடம், எவ்வளவு அழுத்தம் என்று எதுவும் என் தீசிஸில் இல்லை. ரப்பரின் கலவையும் வெப்பமும் காலமும்தான் இருக்கின்றன. இப்போது ஒரு தனியார் ரப்பர் பாகங்கள் நிறுவனத்தில் அதே அறிவை வைத்துத்தான் வேலை செய்கிறேன்.

ஆகவே, மூடிய திட்டத்துக்குள்ளே திறந்த அறிவியல் கேள்வி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். உலோகம், பாலிமர், வெப்பம், அதிர்வு, எரிதல் என்று ஏதோ ஒன்று.

நிரந்தர வேலைக்கான வழி வேறு. சயின்டிஸ்ட் 'பி' எனும் தொடக்கநிலை விஞ்ஞானி பதவிக்கு ஆர்ஏசி எனும் டிஆர்டிஓவின் தேர்வு மையம் தனியாக அறிவிப்பு வெளியிடும். கேட் மதிப்பெண், பிறகு நேர்முகம். ஜேஆர்எஃப் ஆக இருந்தோம் என்பதற்காக அங்கே தனி இடம் கிடையாது. ஆனால் நேர்முகத்தில் நீங்கள் கையால் செய்ததைப் பேச முடியும், அது சின்ன விஷயம் இல்லை. ஜேஆர்எஃப் ஆக இருந்துகொண்டே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று, ஆவடியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மெக்கானிக்கல் என்றாலே நம் பக்கத்தில் எல்லோரும் டாங்க் செய்கிற சிவிஆர்டிஇ-யைத்தான் நினைக்கிறார்கள். கொச்சியில் சோனார் (ஒலியால் கடலுக்கடியில் இருப்பதைக் கண்டறியும் கருவி) ஆய்வு செய்யும் என்பிஓஎல், பெங்களூரில் விமான எஞ்சினுக்கான ஜிடிஆர்இ, விசாகப்பட்டினத்தில் கடற்படைக்கான என்எஸ்டிஎல், எல்லாமே ஆள் எடுக்கும். உங்கள் தங்கை உணவுத் தொழில்நுட்பம் படிப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். மைசூரின் டிஎஃப்ஆர்எல் வீரர்களுக்கான உணவை ஆராய்வதற்காகவே தொடங்கப்பட்ட ஆய்வகம், அவரிடமும் சொல்லுங்கள்.

தேர்வானால், சேரும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கைடாக வரப்போகிறவரைச் சந்திக்க அனுமதி கேளுங்கள். அவருக்கு ஓய்வுபெற எத்தனை வருடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 60 வயதில் ஓய்வு, 57 வயதுக்காரரிடம் சேர்ந்தால் நடுவழியில் கைடு மாறும். இதற்கு முன் அவரிடம் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கினார்களா, எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, "சார், இந்த வேலையில எதையெல்லாம் நான் வெளியே பேப்பரா எழுதலாம்?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். அவர் யோசித்து, இதுவும் இதுவும் எழுதலாம் என்று பெயர் சொல்லிச் சொன்னால் சேருங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அடுத்த விளம்பரத்துக்குக் காத்திருங்கள்.