எந்தப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேருவது?

மூன்று வகை இடங்களில் பாடம் நடத்தியவன் நான். முதலில் அரசு உதவி பெறும் கல்லூரி, பிறகு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், கடைசியாக மத்தியப் பல்கலைக்கழகம். வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

மத்திய, மாநில, தனியார், நிகர்நிலை: என்ன வித்தியாசம்? (முனைவர் பட்ட மாணவி, மதுரை)

மத்தியப் பல்கலைக்கழகம் நாடாளுமன்றச் சட்டத்தில் பிறப்பது. மாநிலப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும் சட்டமன்றச் சட்டத்தில் பிறப்பவை. நிகர்நிலை என்பது 1956 பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி ஒரு கல்வி நிறுவனத்துக்கு மத்திய அரசு தரும் பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி. 'நிகர்நிலை என்றாலே காசு பிடுங்கும் இடம்' என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1958 முதலும் காந்திகிராம கிராமிய நிறுவனம் 1976 முதலும் நிகர்நிலைதான்.

சம்பளம் எங்கே நன்றாக இருக்கும்? (நெட் தகுதித் தேர்வில் தேறியவர், சேலம்)

மத்தியப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், ஓய்வு வயது 65. தனியாரில் ஒவ்வொரு நிர்வாகமும் ஒவ்வொரு விதம். நியமன ஆணையில் எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள்.

ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்குமா? (உதவிப் பேராசிரியர், நெல்லை)

யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். காகிதத்தில் எல்லா இடத்திலும் இதே கணக்குதான். கல்லூரியில் இருந்தபோது எனக்கு நேரத்தைத் தின்றது வகுப்பு இல்லை, விடைத்தாள். செமஸ்டர் முடிந்ததும் திருத்தும் முகாம். நூல் கட்டிய கட்டைப் பிரித்து, மதிப்பெண்ணைக் கூட்டி, ஓஎம்ஆர் தாளில் வட்டங்களைக் கறுப்பாக்கி முடிப்பதற்குள் மே மாத வெயிலில் கண் எரியும். அந்த விடுமுறையில்தான் கட்டுரை எழுதலாம் என்று நினைத்திருப்பேன். மத்தியப் பல்கலைக்கழகத்தில் என் மாணவர்களின் தாளை நானே திருத்தினேன், மூன்று நாளில் முடிந்தது.

பாடத்திட்டத்தில் நம் பேச்சு எடுபடுமா? (கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர்)

என்னைக் கேட்டால், வேலையை ஏற்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். 1857இல் சென்னை, மும்பை, கொல்கத்தா பல்கலைக்கழகங்களை அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத் தொடங்கினார்கள். பாடம் நடத்துவது கல்லூரி, தேர்வு வைப்பது பல்கலைக்கழகம். அந்தப் பிரிவு இன்னும் போகவில்லை. யாரோ வகுத்த ஐந்து யூனிட்டை இருபது வருடம் நடத்தினால் நல்ல ஆசிரியரும் வறண்டுதான் போவார். நான் விரும்பிய ஒரு பாடத்தை நானே வகுத்து நடத்தியது 52 வயதில். முதல் நாள் வகுப்புக்குள் நுழையும்போது கை நடுங்கியது. கல்லூரியிலேயே இருக்க வேண்டுமென்றால் தன்னாட்சிக் கல்லூரியாகப் பாருங்கள், அங்கே பாடத்திட்டக் குழு உங்கள் துறையிலேயே இருக்கும்.

தனியாரில் அட்மிஷன் பிடித்துத் தரச் சொல்வார்களாமே? (பொறியியல் பட்டதாரி, கோவை)

சில இடங்களில் உண்டு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் கோடையில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். ஆசிரியரிடம் அந்த வேலையைச் சுமத்துவது தவறு. நேர்காணலுக்குப் போகும்போது அங்கே வேலை பார்ப்பவர் இருவரிடம் தனியாகக் கேளுங்கள்: "ஏப்ரல், மே மாதம் என்ன வேலை?"

எட்டு வருடமாக கௌரவ விரிவுரையாளர். விட்டுவிடலாமா? (விழுப்புரம்)

விட வேண்டாம், ஆனால் அதையே நம்பியும் இருக்க வேண்டாம். வருடா வருடம் பணிச் சான்றிதழை முதல்வர் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் மாறிய பிறகு பழைய வருடத்துக்கு வாங்குவது பெரும்பாடு. அப்புறம், வெளி மாநில மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பியுங்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம், பெரும்பாலான துறைகளில் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.