லெட்யூஸ் குருத்து கருகுகிறதா? பூஸ்டர் வாங்கும் முன் ஊதுபத்தி ஏற்றுங்கள்

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் பழைய கோழி ஷெட்டை அடைத்து, ஏசி போட்டு, ஐந்து அடுக்கு ரேக்கில், மண்ணில்லாமல் உரம் கலந்த தண்ணீரில் லெட்யூஸ் (சாலட் கீரை) வளர்க்கிறேன். நட்ட மூன்றாவது வாரத்தில் மேல் இரண்டு தட்டுகளில் உள்குருத்தின் ஓரம் கருகுகிறது. ரேக் கொடுத்த டீலர் கம்ப்யூட்டர் சிமுலேஷன் ரிப்போர்ட்டைக் காட்டி, "ரூம் பக்கா, கால்சியம் பூஸ்டர் ஊத்துங்க" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குருத்துக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் உரத் தண்ணீர்த் தொட்டியில் அது குறைந்ததால் அல்ல. கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். இலை ஈரத்தை வெளியே விட்டால்தான் தண்ணீர் ஏறும். குருத்தைச் சுற்றிக் காற்று அசையாமல் நின்றால், வெளி இலைகளே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். மேல் தட்டில் சூடு தேங்கிச் செடி வேகமாக வளர்வதால் அங்கேதான் முதலில் தெரியும். பூஸ்டர் ஊற்றினால் இசி (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) ஏறும், கருகல் கூடும்.

விளக்கு எரியும்போது ஓர் ஊதுபத்தியை ஏற்றி, மேல் தட்டின் நடுவில் இரண்டு செடிகளுக்கு இடையே இலை மட்டத்தில் பிடியுங்கள். புகை நேராக எழுந்து பல்பில் முட்டினால் காற்று இல்லை. படுத்துக்கொண்டு ஒரே பக்கமாக ஓட வேண்டும். இலை மட்டத்தில் நொடிக்கு அரை மீட்டர் வேகம் போதும். ஒரு மீட்டரைத் தாண்டினால் இலை சுருளும். நான்கடிக்கு ஒன்றாக 12 வோல்ட், 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் தட்டு ஓரத்தில் மாட்டுங்கள். எல்லா ஃபேனும் ஒரே திசையில் ஊத வேண்டும். எதிரெதிரே வைத்தால் நடுவில் காற்று செத்துவிடும். அறுவடைக்கு முந்தைய வாரம் விளக்கை 16 மணி நேரத்திலிருந்து 14 ஆகக் குறையுங்கள்.

அந்த ரிப்போர்ட் விஷயத்துக்கு வருவோம். டீலரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கணக்கில் செடி இருக்கா?" பெரும்பாலும் காலி ரேக்குக்குத்தான் ஓட்டியிருப்பார்கள். முழுதாக வளர்ந்த இலை காற்றை மறிக்கும், ஈரத்தையும் விடும். இவை இரண்டும் இல்லாத மாடல் அலமாரிக்குப் பொருந்தும், பயிருக்குப் பொருந்தாது. சுவரில் இருக்கும் ஒற்றை சென்சார் 65 சதவீத ஈரப்பதம் காட்டும்போதே இலைகளுக்கு நடுவே 85 இருக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கருகுவது உள்குருத்து அல்ல, அடியிலுள்ள முதிர்ந்த இலையின் ஓரம் என்றால் சந்தேகம் தண்ணீர் மேல். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் போர் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு பேச்சுதான். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதனால்தான். லெட்யூஸுக்குத் தலைவலி அது அல்ல, சோடியமும் பைகார்பனேட்டும். செடி சோடியத்தை அவ்வளவாகத் தொடாது. நீங்கள் தொட்டியை நிரப்ப நிரப்ப அது சேர்ந்துகொண்டே போகும். இசி மீட்டர் 1.5 (mS/cm) காட்டும், ஆனால் அதில் பாதி உரமாக இல்லாமல் வெறும் உப்பாக இருக்கலாம். உரம் கலக்காத வெறும் போர் தண்ணீரின் இசியை முதலில் பாருங்கள். 0.8-க்கு மேல் இருந்தால் ஆர்ஓ தண்ணீர் கலந்து இறக்குங்கள், பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை தொட்டியைக் கொட்டிப் புதுசாகக் கலக்குங்கள். ஆர்ஓ கால்சியத்தையும் எடுத்துவிடும் என்பதால் கால்சியம் நைட்ரேட்டைக் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அடர்கரைசலாக வைக்கும்போது அதைத் தனித் தொட்டியில் வையுங்கள். சல்பேட், பாஸ்பேட்டோடு சேர்த்தால் அடியில் சுண்ணாம்பு போலப் படியும். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து ரிப்போர்ட் கைக்கு வருவதற்குள் ஒரு பட்டமே முடிந்துவிடுகிறது. நூறு ரூபாய் மிச்சம் பார்க்காமல் ஒரு நல்ல இசி மீட்டரை நீங்களே வாங்கிவிடுங்கள்.

"விவசாயம்தானே, கரண்ட் ஃப்ரீ" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். இலவச இணைப்பு பம்புசெட்டுக்கு; அதிலிருந்து விளக்குக்கும் ஏசிக்கும் இழுத்தால் அபராதம் உங்கள் தலையில். எந்தக் கட்டணப் பிரிவு என்பதை மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

டீலருக்குக் கடைசித் தவணை பாக்கி இருந்தால் பிடித்து வையுங்கள். முழுசாக வளர்ந்த பயிர் நிற்கும்போது, ஐந்து தட்டிலும் இலை மட்டத்தில் காற்று வேகமும் ஈரப்பதமும் அவரே அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு கொடுங்கள்.