லைப்ரரிக்குள்ள ஹெச்டிடிபி கிளையன்ட்டை கட்டிப்போடலாமா? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஒரு ஏபிஐக்கு பிஎச்பில எஸ்டிகே (அதைக் கூப்பிட உதவுற லைப்ரரி) எழுதி வெளிய விட்டிருக்கேன், உள்ள ரெக்வஸ்ட் அனுப்புறது கசில் (Guzzle) 7ங்கற ஹெச்டிடிபி கிளையன்ட். நல்லாத்தான் ஓடுது. ஒருத்தர் வந்து "கசிலை எடுத்துடுங்க"ன்னு இஷ்யூ போட்டிருக்கார். ஓடுறத எதுக்கு மாத்தணும்?

பதில்: உங்க மெஷின்ல ஓடுது, அவர் ப்ராஜெக்ட்ல ஓடணுமே. பிஎச்பி பேக்கேஜுகளை இன்ஸ்டால் பண்ற கம்போசர், ஒரு ப்ராஜெக்ட்ல ஒரு பேக்கேஜுக்கு ஒரே ஒரு வெர்ஷனைத்தான் இன்ஸ்டால் பண்ணும், லைப்ரரிக்கு லைப்ரரி தனி காப்பி எல்லாம் கிடையாது. 2015ல கசில் 6 வந்தப்ப பிஎஸ்ஆர்-7க்கு (பிஎஸ்ஆர்னா பிஎச்பி லைப்ரரிகளுக்கான பொது ஸ்டாண்டர்ட், 7 ரெக்வஸ்ட், ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்டுக்கானது) மாறிட்டாங்க, 5க்கு எழுதின கோட் எல்லாம் உடைஞ்சுது, ஒரு லைப்ரரி 5தான் வேணும்னு நிக்கும் இன்னொன்னு 6தான் வேணும்னு நிக்கும், நடுவுல மாட்டிக்கிட்டது ரெண்டையும் யூஸ் பண்ண நாங்க. நான் கடைசில ஒரு லைப்ரரியை ஃபோர்க் பண்ணி, அதாவது சொந்தமா ஒரு காப்பி எடுத்து மாத்தித்தான் தப்பிச்சேன். கிளையன்ட்டை தேர்ந்தெடுக்கிறது அப்ளிகேஷனோட வேலை, உங்களுது இல்ல.

கேள்வி: சரி, கசிலுக்கு பதிலா என்ன வைக்கிறது?

பதில்: எதையும் வைக்காதீங்க, கேட்டு வாங்குங்க. ஹெச்டிடிபி கிளையன்ட்டுக்குன்னே 2018ல வந்த பிஎஸ்ஆர்-18ல கிளையன்ட்இன்டர்ஃபேஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல மொத்தமே ஒரே மெத்தட்தான், சென்ட்ரெக்வஸ்ட். அதை கன்ஸ்ட்ரக்டர்ல வாங்குங்க. நிறைய பேர் இதோட நிறுத்திட்டு உள்ள ரெக்வஸ்ட் ஆப்ஜெக்ட்டை மட்டும் கசிலோட கிளாஸை நியூ பண்ணி உருவாக்குவாங்க, அப்புறம் பிரிச்சு என்ன பிரயோஜனம்? அந்த ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கித் தர்ற பிஎஸ்ஆர்-17 ஃபேக்டரியையும் சேர்த்து வாங்கணும், ரெக்வஸ்டுக்கு ஒண்ணு, பாடிக்கு ஸ்ட்ரீம் ஃபேக்டரி ஒண்ணு.

கேள்வி: கம்போசர் ஃபைல்ல என்ன எழுதணும்?

பதில்: பிஎஸ்ஆர் இன்டர்ஃபேஸ் பேக்கேஜுகளோட பேரு, கூடவே "பிஎஸ்ஆர்/ஹெச்டிடிபி-கிளையன்ட்-இம்ப்ளிமென்டேஷன்". அப்படி நிஜமா ஒரு பேக்கேஜ் கிடையாது, வெறும் பேருதான். கசில் 7, சிம்ஃபோனி கிளையன்ட் எல்லாம் "அதை நான் தர்றேன்"னு சொல்லிக்கும், ஏதாவது ஒண்ணு இருந்தா கம்போசர் விட்டுடும். நிஜ கிளையன்ட்டை ரெக்வயர்-டெவ்ல (உங்க டெவலப்மென்ட்டுக்கு மட்டும் தேவையானதோட லிஸ்ட்) மட்டும் வைங்க.

கேள்வி: ப்ரோ, புதுசா வர்றவங்க மூணு ஆப்ஜெக்ட் பாஸ் பண்ணச் சொன்னா ஓடிடுவாங்களே?

பதில்: ஓடுவாங்கதான். அதுக்கு பிஎச்பி-ஹெச்டிடிபி டீமோட டிஸ்கவரி பேக்கேஜ் இருக்கு, எது இன்ஸ்டால் ஆகிருக்குன்னு தேடி எடுத்துக்கும். ஆர்க்யுமென்ட் எதுவும் குடுக்காம null-ஆ வந்தா மட்டும் அதைக் கூப்பிடுங்க, கைல குடுத்தா குடுத்ததையே யூஸ் பண்ணுங்க.

கேள்வி: மாத்தினதுக்கு அப்புறம் 404 வந்தா எக்செப்ஷனே வரலையே, இது பக்-ஆ (bug)?

பதில்: பக் இல்ல, ஸ்பெக்கே அதான். சர்வர் 404 சொன்னாலும் 500 சொன்னாலும் அது ஒழுங்கான ரெஸ்பான்ஸ், ரெக்வஸ்ட்டை அனுப்பவே முடியலன்னாலோ வந்த பதிலை படிக்க முடியலன்னாலோதான் எக்செப்ஷன். கசிலோட வழக்கமான ரெக்வஸ்ட் மெத்தட் 4xxக்கு எக்செப்ஷன் தூக்கும், அதே கசில் 7ல சென்ட்ரெக்வஸ்ட் கூப்பிட்டா தூக்காது, ரீடைரக்ட்டையும் ஃபாலோ பண்ணாது. இந்த மாற்றத்துல ரொம்ப ஆபத்தான இடம் இதுதான்னு சொல்வேன், ஏன்னா உங்க பழைய கேட்ச் ப்ளாக் அப்படியே உக்காந்திருக்கும், எரரும் வராது, 401 (அனுமதி இல்ல) பாடியை நல்ல டேட்டான்னு நெனச்சு பார்ஸ் பண்ணிட்டு இருப்பீங்க. முதல்ல ஸ்டேட்டஸ் கோடை பாருங்க, உங்களோட சொந்த எக்செப்ஷனை தூக்குங்க, கிளையன்ட்டோட எக்செப்ஷனை ப்ரீவியஸா உள்ள வச்சுக்கலாம்.

கேள்வி: டைம்அவுட் எங்க செட் பண்றது?

பதில்: இன்டர்ஃபேஸ்ல கிடையாது. ப்ராக்ஸி, டைம்அவுட் எல்லாம் கிளையன்ட்டை உருவாக்குறவர் வச்சுக்கணும். இத்தனை செகண்ட் வச்சா நல்லதுன்னு டாக்குமென்ட்ல ஒரு வரி எழுதுங்க, கோட்ல கை வைக்காதீங்க.

கேள்வி: அசிங்க் (பதிலுக்கு காத்திருக்காம அடுத்த வேலையைப் பாக்குறது) வேணுமே?

பதில்: பிஎஸ்ஆர்-18ல இல்ல. அதே பிஎச்பி-ஹெச்டிடிபி டீமோட ஹெச்டிடிபிளக்ல (HTTPlug) அசிங்க் இன்டர்ஃபேஸ் இருக்கு, நிஜமாவே தேவைன்னா அது.

கேள்வி: நான் பைதான் ஆளு, அங்க இப்படி ஸ்டாண்டர்ட் எதுவும் காணோமே?

பதில்: பிஎஸ்ஆர் மாதிரி அங்க இல்லதான். ஆனா சான்ஸ்-ஐஓன்னு (sans-I/O, அதாவது நெட்வொர்க் வேலையை லைப்ரரிக்கு வெளிய வச்சுடுறது) ஒரு வழி இருக்கு, ஹெச்11 லைப்ரரி அப்படித்தான், பைட்டை வாங்கும் பைட்டை குடுக்கும், நெட்வொர்க் பக்கமே போகாது. உங்க எஸ்டிகேலயும் ஒரு ஃபங்ஷன் யூஆர்எல், ஹெடர், பாடி மூணையும் தரட்டும், இன்னொன்னு ஸ்டேட்டஸையும் பாடியையும் வாங்கி ரிசல்ட் தரட்டும், நடுவுல அனுப்புற கிளையன்ட் ரெக்வெஸ்ட்ஸா ஹெச்டிடிபிஎக்ஸான்னு அவங்க பாத்துக்கட்டும். டெஸ்ட்டுக்கு மாக்கிங்கே (போலி கிளையன்ட் வைக்கிறது) வேண்டாம், இது எனக்கு பிஎச்பி வழியை விடவே பிடிக்கும்.