கன அடி, டிஎம்சி, ஜிபிஎம், இஞ்சு... இதையெல்லாம் லிட்டர் கணக்குக்கு எப்படி மாத்துறது?

கேட்டவர் மேட்டூர் நியூஸையும் வீட்டு மோட்டாரையும் ஒரே கேள்வில போட்டுட்டாரு, நானும் அப்படியே சேர்த்து சொல்லிடுறேன். எதை எதால பெருக்கணும்னு கூகுள்ல தட்டுனா ஒரு செகண்ட்ல வந்துரும், அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆனா கைல இருக்கற நம்பர் மொத்தமா எவ்வளவு தண்ணின்னு சொல்லுதா, இல்ல எவ்வளவு வேகமா வருதுன்னு சொல்லுதான்னு பாக்காமயே பெருக்க ஆரம்பிச்சுடுறோம், முக்காவாசி குழப்பம் அங்கதான்.

அணைக்கு ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஒரே நம்பர்தான், 1 கன அடி = 28.317 லிட்டர். கியூசெக்னா வினாடிக்கு ஒரு கன அடி. அப்போ மேட்டூர்ல 10,000 கியூசெக் திறந்தா வினாடிக்கு 2,83,000 லிட்டர் சொச்சம், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி இருபத்திமூணு ஒவ்வொரு வினாடியும் போற மாதிரி. கன மீட்டர்ல வேணும்னா கியூசெக்க 35.31ஆல வகுங்க, வினாடிக்கு 283 வரும். ஆனா டிவில கீழ ஓடுற எழுத்துல "வினாடிக்கு" வார்த்தைய முழுங்கிட்டு "10,000 கன அடி தண்ணீர் திறப்பு"ன்னு போட்டுடுறாங்க, அப்படியே எடுத்துக்கிட்டா மொத்தமே அந்த இருபத்திமூணு லாரி தண்ணிதான், ஒரு பெரிய அபார்ட்மெண்டுக்கு ஒரு வாரம் கூட வராது!

டிஎம்சி வேகம் கிடையாது, மொத்த அளவு. 100 கோடி கன அடி. மேட்டூர் முழுசா நிரம்பினா 93.47 டிஎம்சி. இதையும் கியூசெக்கையும் சேர்க்கிறது நேரம்தான், ஒரு நாளைக்கு 86,400 வினாடி, அதனால 11,574 கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினா 1 டிஎம்சி. 2016 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் பத்து நாளைக்கு 15,000 கியூசெக் விடச் சொல்லி கர்நாடகாவுக்கு உத்தரவு போட்டுச்சே, அதை பெருக்கிப் பாத்தா 12.96 டிஎம்சி. அதே மாதிரி 2018 காவிரி தீர்ப்புல தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி, இதை 365 நாளுக்கும் பரப்புனா சராசரி வெறும் 5,620 கியூசெக்தான் வருது, ஆனா ஆகஸ்ட் மாசத்துக்கு மட்டும் 45.95 டிஎம்சின்னு அட்டவணைல இருக்கு, அதுக்கு தினமும் 17,000 கியூசெக்குக்கு மேல வந்தாகணும். சராசரிய வெச்சு யாராவது வாதம் பண்ணா எந்த மாசம்னு திருப்பிக் கேளுங்க, குறுவையும் சம்பாவும் சராசரி பாத்து வளராது.

சென்னைக்காரங்களுக்கு இன்னொண்ணு, குடிநீர் வாரியம் எம்எல்டில பேசும், ஒரு நாளைக்கு பத்து லட்சம் லிட்டர்னா 1 எம்எல்டி. 1 கியூசெக் = 2.45 எம்எல்டி, அவ்வளவுதான்.

ஜிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை கேலன்னு வந்தா உஷாரா இருங்க, ஏன்னா கேலன்லயே ரெண்டு இருக்கு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், இருபது சதவீதம் வித்தியாசம். 10 ஜிபிஎம்னு போட்டிருந்தா நிமிஷத்துக்கு 37.85 லிட்டராவும் இருக்கலாம், 45.46 லிட்டராவும் இருக்கலாம். இப்ப வர்ற பொருள்ல பெரும்பாலும் அமெரிக்க கேலன்தான். வீட்டு ஆர்ஓ மெஷினுக்குள்ள தண்ணிய வடிகட்டுற மெம்ப்ரேன்ல 75 ஜிபிடின்னு இருக்கும் பாருங்க, நாளைக்கு 75 கேலன், அமெரிக்க கணக்குப்படி 284 லிட்டர், மணிக்கு 12 லிட்டர் கிட்ட. ஆர்ஓ விக்கிறவங்க மணிக்கு 12 லிட்டர்னு சொல்றது இதைத்தான்.

கடைசியா போர்வெல் இஞ்சு, இதைப் பத்தி யாருமே ஒழுங்கா சொல்றதில்ல. போர் போடுறவர் "ரெண்டு இஞ்சு தண்ணி சார்"னு சொல்வாரு. அது பைப்போட இஞ்சு இல்லைங்க. 90 டிகிரில வி மாதிரி வெட்டின தகடு வழியா தண்ணிய விட்டு, அந்த வி-யோட அடி முனைல இருந்து தண்ணி எவ்வளவு உயரம் நிக்குதுன்னு அளக்கிறது. இங்க நேர் பெருக்கல் வேலைக்கே ஆகாது, ஏன்னா தண்ணி அளவு உயரத்தோட 2.5 அடுக்குப்படி (பவர்) ஏறும், உயரம் ரெண்டு மடங்கானா தண்ணி அஞ்சரை மடங்குக்கு மேல போயிடும். 1 இஞ்சுன்னா மணிக்கு சுமார் 500 லிட்டர், 2 இஞ்சுன்னா 2,900, 3 இஞ்சுன்னா கிட்டத்தட்ட 8,000. "ஒண்ணரை இஞ்சுதான் வந்துச்சு, ரெண்டுக்கு கொஞ்சம் கம்மி"ன்னு யாராவது ஆறுதல் சொன்னா நம்பாதீங்க, அது 1,400 லிட்டர், பாதிதான். அதுவும் தகடு வெச்சு அளந்தாத்தான் இந்தக் கணக்கு, கண்ணால பாத்து சொன்ன இஞ்சுக்கு நான் பொறுப்பில்ல.

மோட்டார் வாங்கும்போது இதைத்தான் எதிர்ல வெச்சுப் பாக்கணும். ப்ளேட்ல போட்டிருக்கற அதிகபட்ச எல்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்), ஹெட் அதாவது தண்ணிய ஏத்த வேண்டிய உயரம் கம்மியா இருக்கும்போது வர்றது, உங்க போர் ஆழத்துக்கு எவ்வளவு வரும்னு ஹெட் டேபிள்ல பாத்து அதை 60ஆல பெருக்குங்க. ரெண்டு இஞ்சு போர்ல மணிக்கு 4,500 லிட்டர் இழுக்கற மோட்டார இறக்கினா கொஞ்ச நேரத்துல தண்ணி கீழ போயி ட்ரை ரன் ஆகும், அதாவது தண்ணி இல்லாமயே மோட்டார் ஓடும், சின்ன மோட்டாரா பாருங்க, இல்லைன்னா ட்ரை ரன் ப்ரிவென்டர் கண்டிப்பா போட்டுக்கோங்க.