மருந்துக் கடையில் ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

நான் டி.பார்ம், அதாவது பார்மசி டிப்ளமோ, படித்தவள். திண்டுக்கல் பக்கம் ஒரு மெடிக்கலில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் முதலாளி கடையில் ஒரு நாற்காலி போட்டு, பிரஷர் மிஷினும் சுகர் மிஷினும் வாங்கி வைத்திருக்கிறார். "இனிமே நீதான் பாத்துச் சொல்லணும்" என்கிறார். எனக்கு ஆசைதான், ஆனால் பயமாகவும் இருக்கிறது. நாங்கள் படித்தது மருந்தைப் பற்றி, நோயாளியைப் பற்றி இல்லை. பக்கத்து கிளினிக் டாக்டரோ, "மாத்திரை எடுத்துக் கொடுக்கிறதோட நிறுத்திக்கம்மா" என்கிறார். வெளிநாடுகளில் பார்மசிஸ்ட்டே மருந்து எழுதுகிறார்களாமே? அதற்கெல்லாம் தயாராக நான் என்ன படிக்க வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பயம் நல்ல பயம். அது இல்லாதவர்கள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது.

என் அத்தைக்கு வீசிங் இருந்தது. டாக்டர் கேப்சூலும், அதைப் போட்டு உறிஞ்சும் கருவியும் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அத்தை கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். கருவி பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. டாக்டர் எழுதியது சரி, கடையில் கொடுத்ததும் சரி. "இதை எப்படிப் போட்டுக்குவீங்க, ஒரு தடவை காட்டுங்கம்மா" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. நான் பார்மசி கல்லூரியில் பாடம் நடத்தியவன், என் வீட்டிலேயே இப்படி. அன்றிலிருந்து மாணவர்களிடம் "புரிஞ்சுதா என்று கேட்காதீர்கள், செய்துகாட்டச் சொல்லுங்கள்" என்று சொல்லிவந்தேன். புரிந்ததா என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் காதுவலி, தொண்டைவலி, அக்கி உட்பட ஏழு குறைகளுக்கு, வகுத்துவைத்த நெறிமுறைப்படி, பார்மசிஸ்ட்டே மருந்து கொடுக்கலாம். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஓர் ஆய்வு. கறுப்பின மக்கள் நடத்தும் 52 சலூன்கள், பிரஷர் கட்டுக்குள் இல்லாத 319 ஆண்கள். ஒரு பிரிவினருக்கு, முடிவெட்டுபவர் டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார். இன்னொரு பிரிவினரைப் பார்க்க பார்மசிஸ்ட் சலூனுக்கே வந்தார். பிரஷர் பார்த்தார், மருந்தை ஆரம்பித்தார், அளவை மாற்றினார். ஆறு மாதத்தில் அவர்களுடைய மேல் அளவு சராசரியாக 27 குறைந்தது, மற்றவர்களுக்கு 9 சொச்சம்தான். 2018-ல் ஆய்வு முடிவு வந்தபோது உலகமே பேசியது.

அந்த பார்மசிஸ்ட்டுகள் தங்கள் இஷ்டத்துக்கு மருந்து எழுதவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிரஷர் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். நோயாளியின் டாக்டரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தது. எந்த மருந்தில் தொடங்குவது, எப்போது கூட்டுவது என்பதற்கு நெறிமுறை இருந்தது. ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பரிசோதித்தார்கள். என்ன செய்தோம் என்று டாக்டருக்குக் குறிப்பு அனுப்பினார்கள்.

நம் சட்டத்தில் மருந்து எழுதும் உரிமை பார்மசிஸ்ட்டுக்கு இல்லை. அதைப் பற்றிய வருத்தத்தை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடலாம், ஏனென்றால் இருக்கும் கடமையையே நாம் செய்யவில்லை. 2015-ல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் மருந்தின் பயன், சாப்பிடும் முறை, பக்கவிளைவு, ஒருவேளை மறந்துவிட்டால் என்ன செய்வது, இதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லும் பொறுப்பை பார்மசிஸ்ட்டிடம்தான் கொடுத்திருக்கின்றன. அதற்கு நாம் கொடுக்கும் பயிற்சி? டி.பார்முக்கு இரண்டு வருடப் படிப்பும் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும். அந்த 500 மணி நேரம் பல இடங்களில் அலமாரி அடுக்குவதிலும் பில் போடுவதிலும் கழிவதை நான் பார்த்திருக்கிறேன். மனசு கொதிக்கும். 2008-ல் வந்த ஆறு வருட பார்ம்.டி படிப்பில் கடைசி வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப், வார்டில் நின்று கற்கிறார்கள். ஆனால் ஊர்ப்பக்க மெடிக்கலில் மக்கள் பார்ப்பது உங்களைத்தான்.

சரி, நீங்கள் எங்கே தொடங்கலாம்? வந்தவுடன் பிரஷர் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், கால் தரையில் பதியட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்தாரா, பீடி பிடித்தாரா என்று கேளுங்கள். இரண்டு முறை பார்த்து இரண்டையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் இன்சுலின். இங்கே உயிரே போகலாம். நம் நாட்டில் சாதாரணமாக விற்கும் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை எடுத்து, 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாறாக, 100-க்கான சிரிஞ்சில் 40 யூனிட் மருந்தை எடுத்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும், சுகர் ஏன் இறங்கவில்லை என்று யாருக்கும் புரியாது. சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு. சிரிஞ்சு மட்டும் கேட்டு வருகிறவரிடம், எந்த மருந்துக்கு என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். முடிந்தால் காலிக் குப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் பழக வேண்டும். மேல் அளவு 180-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் பேச்சே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. சுகர் 70-க்குக் கீழே இருந்து, நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். யார் வற்புறுத்தினாலும் பிரஷர் மாத்திரையின் அளவை நீங்கள் மாற்றாதீர்கள்.

அந்த டாக்டர் மேல் கோபம் வேண்டாம். அவர் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது, கடையில் தாமாகக் கொடுத்த மருந்தால் கெட்டவர்களை அவர் பார்த்திருப்பார். ஒரு மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில் போய், "சார், உங்க பேஷன்ட்டுக்கு பிரஷர் எவ்வளவு வந்தா உங்களுக்கு போன் பண்ணணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை அவர் முன்னாலேயே ஒரு தாளில் எழுதி, கவுன்ட்டருக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். முதல் வாரம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.